வில்லியம் நார்ட்ஹாஸின் பேரியல் பொருளியலும் காலநிலைக் கணக்கும்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கப் பொருளியலறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேரியல் பொருளியற் கொள்கை, நாட்டு வருமான அளவீடு, காலநிலை மாற்றத்தின் விளைவுகள் ஆகிய மூன்று களங்களில் ஆய்வு நிகழ்த்தியவர். இவற்றுள் காலநிலைக் களத்தில் அவர் உருவாக்கிய டைஸ் மாதிரி பெரும் பாராட்டையும் கடும் மறுப்பையும் ஒருங்கே பெற்றது. அம்மாதிரியைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து எழுந்த அளவுகோல்களைக் கொண்டு நிகழ்ந்துள்ளன. இக்கட்டுரை நார்ட்ஹாஸ் தம் தொடக்ககாலப் பேரியல் ஆய்வுகளில் தாமே நிறுவிய அளவுகோல்களைக் கொண்டு அவருடைய காலநிலைக் கணக்கை மதிப்பிடுகிறது. அளவீட்டின் எல்லை, தரவின் போதாமை, ஆட்சியாளரின் குறுகிய காலநோக்கு ஆகியவை குறித்து அவர் முன்வைத்த எச்சரிக்கைகள் டைஸ் மாதிரிக்குள் போதிய அளவு இடம்பெறவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: நார்ட்ஹாஸ், டைஸ் மாதிரி, சேதச் சார்பு, கழிவு வீதம், கரிமத்தின் சமூகச் செலவு, அரசியல் வணிகச் சுழற்சி.

1. முன்னுரை

2018 அக்டோபர் 8 அன்று இரண்டு செய்திகள் ஒரே நாளில் வெளிவந்தன. புவி வெப்ப உயர்வை 1.5 பாகை செல்சியசுக்குள் நிறுத்துவது குறித்த சிறப்பறிக்கையைக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு வெளியிட்டது. அதே நாளில், காலநிலை மாற்றத்தை நீண்டகாலப் பேரியல் பொருளியற் பகுப்பாய்வுடன் இணைத்தமைக்காக நார்ட்ஹாசுக்குப் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு அறிவிக்கப்பட்டது. பால் ரோமரும் அப்பரிசைப் பகிர்ந்துகொண்டார். பரிசு பெற்ற மாதிரியின் அப்போதைய வடிவம், செலவையும் நன்மையையும் ஒப்புநோக்கி, 2100ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3.5 பாகை உயர்வை உகந்த பாதையாகக் காட்டியது. ஒரே பொருளைப் பற்றிய இரண்டு அறிவுத்துறைகளின் முடிவுகளுக்கிடையே 2 பாகை இடைவெளி இருந்தது. அவ்விடைவெளி எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய வினா.

தமிழகக் கல்லூரிகளில் பொருளியல் பயின்றோருக்கு நார்ட்ஹாஸ் புதியவர் அல்லர். பால் சாமுவேல்சனின் புகழ்பெற்ற பாடநூலில் 1985ஆம் ஆண்டின் 12ஆம் பதிப்பு முதல் இணையாசிரியராக இடம்பெற்றவர் அவரே. ஆயினும் பாடநூலாசிரியராக அறியப்பட்ட அளவுக்கு, ஒன்றோடொன்று உரையாடும் ஆய்வுகளை எழுதியவராக அவர் நம்மிடையே வாசிக்கப்படவில்லை. 1941இல் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டமும் 1967இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டமும் பெற்ற அவர், அவ்வாண்டு முதல் யேலிலேயே பணியாற்றினார். 1977 முதல் 1979 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரின் பொருளியல் ஆலோசகர் குழுவில் இருந்தார். அவருடைய காலநிலைப் பணியை இப்பின்புலத்திலிருந்து பிரித்து நோக்குவது பொருந்தாது.

2. அளவீடு பற்றிய தொடக்ககால எச்சரிக்கை

1972இல் ஜேம்ஸ் டோபினுடன் இணைந்து, வளர்ச்சி என்னும் கருத்து வழக்கொழிந்ததா என்னும் வினாவை நார்ட்ஹாஸ் எழுப்பினார். மொத்த உற்பத்தியை நலத்தின் அளவாகக் கொள்ளலாமா என்பதே அதன் உட்பொருள். இருவரும் பொருளியல் நல அளவை என்னும் மாற்றுக் கணக்கை வகுத்தனர். ஓய்வு நேரமும் ஊதியமற்ற வீட்டுவேலையும் அதில் கூட்டப்பட்டன. பாதுகாப்புச் செலவு, பணியிடம் சென்றுவரும் செலவு, நகர வாழ்வின் இடர்ப்பாடுகள் ஆகியவை கழிக்கப்பட்டன. அதன்படி 1929–1965 காலத்தில் அமெரிக்காவில் தலைக்குரிய நலம் ஆண்டுக்கு 1.1 விழுக்காடு வளர்ந்தது. தலைக்குரிய நிகர நாட்டு உற்பத்தியோ 1.7 விழுக்காடு வளர்ந்திருந்தது. உற்பத்தியும் நலமும் ஒரே திசையில் செல்லினும் ஒன்றல்ல என்பது இதனால் நிறுவப்பட்டது.

அடுத்த ஆண்டு, ஜே ஃபாரஸ்டரின் 'உலக இயக்கவியல்' என்னும் நூலை அவர் கடுமையாக மறுத்தார். வளங்கள் தீர்ந்து உலகப் பொருளாதாரம் சரியும் என்று கணினி மாதிரி வழி உரைத்த நூல் அது. தரவில்லா அளவீடு என்னும் கருத்தைத் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வைத்து, மாதிரியின் உறவுகள் மெய்ம்மைச் சான்றால் சோதிக்கப்படாதவை என்று அவர் சுட்டினார். ஒரு மாதிரி எத்துணை விரிவானதாயினும் அதன் அடிப்படைச் சமன்பாடுகள் சான்றின் வழி நிற்கவேண்டும் என்பது அம்மறுப்பின் சாரம்.

இந்த அளவீட்டு அக்கறை பின்னரும் தொடர்ந்தது. 1990களில் ஒளியின் விலை வரலாற்றை ஆராய்ந்தபோது, பழைய உரோமானிய மண்விளக்கு ஒன்றில் நல்லெண்ணெய் ஊற்றி எரித்து அதன் ஒளியைக் கருவியால் அளந்தார். விளக்கின் விலையைக் கணக்கிடும் விலைக் குறியீடுகள், மக்கள் உண்மையில் நுகரும் ஒளியின் விலை வீழ்ச்சியைக் காணத் தவறுகின்றன என்று காட்டினார். 1999இல் இயற்கை வளங்களை நாட்டுக் கணக்கில் சேர்ப்பது குறித்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் அறிக்கைக்கும் அவரே தலைமைப் பதிப்பாசிரியர். எனவே சந்தை விலை நலத்தின் முழு அளவாகாது என்பதை அவரைவிட நன்கறிந்த பேரியல் பொருளியலாளர் அரியர் எனலாம்.

3. ஆட்சியாளரின் காலக்கணக்கு

1975இல் வெளிவந்த 'அரசியல் வணிகச் சுழற்சி' என்னும் கட்டுரை அவருடைய பேரியல் ஆய்வுகளுள் தலையாயது. வேலையின்மைக்கும் பணவீக்கத்துக்கும் இடையே குறுங்காலத்தில் ஓர் எதிருறவு உண்டு. வாக்காளர்கள் அண்மைக்கால நிலையையே பெரிதும் நினைவில் கொள்வர். இவ்விரு எடுகோள்களிலிருந்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆட்சியின் முற்பகுதியில் சிக்கனமும் தேர்தலை ஒட்டிய பிற்பகுதியில் தாராளமும் காட்டுவது ஆளுங்கட்சிக்கு ஆதாயம் தரும். தேர்தலுக்கு முன் வேலையின்மை குறையும். அதன் விலையான பணவீக்கம் தேர்தலுக்குப் பின் வந்துசேரும்.

இக்கருத்தை அவர் 9 நாடுகளின் 1947–1972 தரவுகளைக் கொண்டு சோதித்தார். அமெரிக்கா, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகியவற்றில் இச்சுழற்சி தெளிவாகத் தென்பட்டது. கனடா, ஜப்பான், பிரிட்டன் முதலியவற்றில் தென்படவில்லை. கோட்பாட்டுக்கு மாறான முடிவுகளையும் மறைக்காமல் வெளியிட்டமை அவருடைய ஆய்வு நேர்மைக்குச் சான்று. குடியாட்சியில் கொள்கை வகுப்போர் எதிர்காலத்தை அதற்குரிய மதிப்பைவிடக் குறைத்தே மதிப்பிடுவர் என்பது அக்கட்டுரை விட்டுச்சென்ற பாடம்.

அதே 1975ஆம் ஆண்டு, ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க் நகரிலுள்ள பயன்பாட்டு அமைப்புப் பகுப்பாய்வுக்கான பன்னாட்டு நிறுவனத்தில் இருந்தபோது, கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த இயலுமா என்னும் வினாவை ஆராயும் கட்டுரையையும் அவர் எழுதினார். இன்றைய நிலையைவிட 2 அல்லது 3 பாகை உயர்ந்தால், கடந்த பல நூறாயிரம் ஆண்டுகளில் காணப்படாத எல்லைக்குக் காலநிலை சென்றுவிடும் என்று அதில் குறிப்பிட்டார். இரு கட்டுரைகளும் ஒரே ஆண்டில் ஒரே அறிஞரிடமிருந்து வந்தவை. ஆயினும் அவை ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

4. டைஸ் மாதிரியின் அமைப்பும் பங்களிப்பும்

1992இல் அறிமுகமான டைஸ் மாதிரி, காலநிலையையும் பொருளாதாரத்தையும் ஒரே சமன்பாட்டுத் தொகுதிக்குள் கொணர்ந்தது. உற்பத்தி கரிம வெளியீட்டைத் தருகிறது. வெளியீடு வளிமண்டலத்தில் செறிந்து வெப்பநிலையை உயர்த்துகிறது. வெப்பநிலை உயர்வு உற்பத்தியைச் சேதப்படுத்துகிறது. எஞ்சிய உற்பத்தியை நுகர்வு, முதலீடு, வெளியீட்டுக் குறைப்பு என மூன்றாகப் பகிர்வதில் எப்பகிர்வு நீண்டகால நலத்தை மிகுவிக்கும் என்பதே மாதிரி தீர்க்கும் கணக்கு.

இதனால் விளைந்த பயன் பெரிது. கூடுதலாக வெளியேறும் ஒரு டன் கரியமில வாயு எதிர்காலம் முழுவதும் விளைவிக்கும் சேதத்தின் இன்றைய மதிப்பு எவ்வளவு என்னும் வினாவுக்கு ஓர் எண்ணை விடையாகத் தர முடிந்தது. கரிமத்தின் சமூகச் செலவு என்னும் அவ்வெண் பின்னர் அரசுகளின் ஒழுங்குமுறை முடிவுகளுக்கு அடிப்படையாயிற்று. மாசுபடுத்துவோர் விலை கொடுக்கவேண்டும் என்னும் கொள்கைக்கு அவரளவு தொடர்ந்து வாதாடியோர் சிலரே. மாதிரியின் சமன்பாடுகளை எவரும் எடுத்து இயக்கிப் பார்க்கும்படி அவர் பொதுவில் வைத்தார். அவரை மறுத்தோருட் பலர் அவர் தந்த கருவியைக் கொண்டே மறுத்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

5. சேதச் சார்பின் சிக்கல்

மாதிரியின் மையம் சேதச் சார்பு. வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தால் உற்பத்தி எவ்வளவு குறையும் என்பதைக் கூறும் சமன்பாடு அது. இதன் வேர் 1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. அமெரிக்க நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 3 விழுக்காடு காலநிலையால் மிகுதியும் தாக்குறும் துறைகளிலிருந்தும், 10 விழுக்காடு ஓரளவு தாக்குறும் துறைகளிலிருந்தும் வருவதாக அவர் வகுத்தார். தொழிற்சாலை, நிதி, பெரும்பாலான சேவைகள் அடங்கிய ஏனைய 87 விழுக்காடும் பொருட்படுத்தத்தக்க பாதிப்புக்கு உள்ளாகாது என்று கொண்டார்.

இங்கு இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, உற்பத்தியில் ஒரு துறைக்குரிய பங்கு அத்துறையின் இன்றியமையாமையைக் காட்டுமா என்பது. இந்தியாவின் உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. உழைப்போரில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் அதனைச் சார்ந்துள்ளனர். முதல் எண்ணைக் கொண்டு சேதத்தைக் கணித்தால் இரண்டாம் எண்ணிலுள்ள மாந்தர் கணக்கிலிருந்து மறைவர். மேலும், உணவு போதிய அளவு கிடைக்கும்வரையே அதன் பங்கு சிறிதாக இருக்கும். தட்டுப்பாடு நேரின் விலையும் பங்கும் ஏறும். சந்தை மதிப்பு நலத்தின் அளவாகாது என்று 1972இல் எழுதியவர் இவ்விடத்தில் சந்தை மதிப்பையே முதன்மை அளவாகக் கொண்டது முரணாகும்.

இரண்டாவது, கூரைக்குக் கீழ் நிகழும் தொழில் வெப்பத்தினின்று தப்புமா என்பது. இ. சோமநாதன் உள்ளிட்ட நால்வர் இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, ஆண்டு வெப்பநிலை 1 பாகை உயரும்போது ஆலை உற்பத்தி ஏறத்தாழ 2 விழுக்காடு குறைவதைக் காட்டியது. குளிரூட்டல் பணியிடத்து உற்பத்தித்திறன் இழப்பைக் குறைத்தது. தொழிலாளர் பணிக்கு வராமையைக் குறைக்கவில்லை. வெப்பம் ஆலைக்குள் மட்டுமன்றித் தொழிலாளியின் வீட்டிலும் வழியிலும் தாக்குகிறது என்பதே இதன் பொருள். 1991ஆம் ஆண்டு வகைப்பாடு காணாத சமூக விளைவு இது.

தரவின் போதாமையை நார்ட்ஹாஸ் அறியாதவர் அல்லர். 1994இல் அவர் 19 வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்டபோது, இயற்கை அறிவியலார் மதிப்பிட்ட சேதம் மையநீரோட்டப் பொருளியலாளர் மதிப்பிட்டதைப் போல 20 முதல் 30 மடங்கு இருந்தது. இத்தகைய பிளவு தெரிந்த பின்னும் 2016ஆம் ஆண்டு வடிவத்தின் சேதச் சார்பு தாழ்வாகவே நின்றது. கணக்கில் வராதவற்றுக்காக 25 விழுக்காடு கூட்டிய பின்னரும், 3 பாகை உயர்வுக்கு 2.1 விழுக்காடு, 6 பாகை உயர்வுக்கு 8.5 விழுக்காடு என்பதே அதன் விடை. ஆண்டுக்கு 3 விழுக்காடு வளரும் பொருளாதாரத்தில் 8.5 விழுக்காடு இழப்பென்பது ஏறத்தாழ மூன்று ஆண்டு வளர்ச்சிக்கு ஈடு. பல நூறாயிரம் ஆண்டுகளில் காணப்படாத காலநிலைக்கு மும்மடங்கு ஆண்டுகளை அன்று, மூன்றே ஆண்டுகளை விலையாகக் கூறும் சமன்பாட்டுக்கு எவ்வகைச் சான்று உண்டு என்று ஃபாரஸ்டரிடம் அவர் கேட்ட கேள்வியை அவரிடமே கேட்கலாம்.

சேதம் உற்பத்தியின் அளவை மட்டும் தாக்குமா, வளர்ச்சி வீதத்தையும் தாக்குமா என்பதும் தீராத வினா. டைஸ் மாதிரி முதலாவதைக் கொள்கிறது. டெல், ஜோன்ஸ், ஓல்கன் ஆகியோரின் 2012ஆம் ஆண்டு ஆய்வோ, ஏழை நாடுகளில் 1 பாகை மிகையான ஆண்டில் வளர்ச்சி வீதம் 1.3 விழுக்காட்டுப் புள்ளி குறைவதைக் கண்டது. பர்க், சியாங், மிகெல் ஆகியோர் 2015இல், வெப்பமாதல் தடையின்றித் தொடரின் 2100இல் உலகச் சராசரி வருமானம் ஏறத்தாழ 23 விழுக்காடு குறையலாம் என்றனர். இவ்வாய்வுகளின் முறையியலும் விவாதத்துக்கு உரியதே. எனினும் அவை நாடுகளின் பல்லாண்டுத் தரவினின்று பிறந்தவை.

6. கழிவு வீதமும் தலைமுறை நீதியும்

எதிர்காலச் சேதத்தை இன்றைய மதிப்புக்குக் கொணரும் கழிவு வீதம் குறித்த விவாதம் 2006இல் வெளிவந்த நிக்கோலஸ் ஸ்டெர்னின் அறிக்கையை ஒட்டிக் கூர்மையடைந்தது. ஸ்டெர்ன் காலத் தொலைவுக்காக மட்டும் கழிக்கும் வீதத்தை ஆண்டுக்கு 0.1 விழுக்காடாகக் கொண்டார். வளர்ச்சியையும் சேர்த்து மொத்த வீதம் 1.4 விழுக்காடாயிற்று. நார்ட்ஹாஸ் காலத் தொலைவுக்கு 1.5 விழுக்காடும், வருமான உயர்வுக்கான நெகிழ்ச்சிக்கு 2உம் கொண்டார். ஆண்டு வளர்ச்சி 2 விழுக்காடாயின் அவருடைய வீதம் 5.5 விழுக்காடு ஆகும்.

நூறு ஆண்டுகளுக்குப் பின் நேரும் 100 கோடி ரூபாய்ச் சேதத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்டெர்னின் வீதப்படி அதன் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 25 கோடி, 5.5 விழுக்காட்டில் ஏறத்தாழ 47 லட்சம். அறிவியல் தரவு எதுவும் மாறாமலே சேதம் ஐம்பது மடங்குக்கு மேல் சுருங்கிவிடுகிறது.

நார்ட்ஹாஸின் வாதத்தை அதற்குரிய வலிமையுடன் கூறவேண்டும். கழிவு வீதம் மக்கள் சந்தையில் உண்மையாகக் காட்டும் சேமிப்பு, முதலீட்டு நடத்தையோடு பொருந்தவேண்டும். குறைந்த பயன் தரும் காலநிலை முதலீட்டைவிட மிகுந்த பயன் தரும் பிற முதலீடுகளைச் செய்தால் வருங்காலத்தினர் இன்னும் செல்வந்தராவர் என்பது அவர் நிலை. இவ்வாதம் தருக்கப் பிழையற்றது. ஆனால் அது ஓர் உறுதிமொழியைச் சார்ந்துள்ளது: பிற முதலீட்டின் பயன், சேதமடைவோரின் கைக்கே சென்று சேரவேண்டும். அதற்கான ஏற்பாடு எதுவும் மாதிரியில் இல்லை. சந்தையில் வீதத்தை நிறுவுவோர் இன்று வாழ்வோர் மட்டுமே. பிறவாதோர் அச்சந்தையில் பங்கேற்க இயலாது. பிராங்க் ராம்சே 1928இலேயே தலைமுறைகளுக்கிடையே காலத்தின் பொருட்டு வேறுபாடு காட்டுவதை அறநோக்கில் மறுத்திருந்தார்.

மார்ட்டின் வைட்ஸ்மேன் 2009இல் விவாதத்தை வேறு தளத்துக்கு நகர்த்தினார். பேரழிவின் நிகழ்தகவு சிறிதாயினும் போதிய விரைவில் சுழியை நோக்கிக் குறையாவிடின், சராசரியைக் கொண்டு நடத்தும் செலவு–நன்மைக் கணக்கே நிலைகுலையும் என்றார். இத்தகைய முடிவு தனிச்சிறப்பான நிபந்தனைகளிலேயே செல்லும் என்று நார்ட்ஹாஸ் 2011இல் விடையிறுத்தார். விடை கணித நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆயினும் அந்நிபந்தனைகள் காலநிலைக்குப் பொருந்தா என்று காட்டும் சான்றும் நம்மிடம் இல்லை.

7. மாதிரியில் இடம்பெறாத அரசியல்

டைஸ் மாதிரியில் முடிவெடுப்பவர் பல நூற்றாண்டுகளை ஒருங்கே நோக்கித் திட்டமிடும் ஒரு நன்னோக்கர். அவருக்குத் தேர்தல் இல்லை. 1975இல் நார்ட்ஹாஸ் வரைந்த ஆட்சியாளரோ அடுத்த தேர்தலுக்கு அப்பால் நோக்காதவர். கரிமவரியின் சுமை உடனே உணரப்படும். அதன் பயன் பல பதவிக்காலங்களுக்குப் பின் வரும். அரசியல் வணிகச் சுழற்சியின் தருக்கம் முழு வலிமையுடன் பொருந்தும் களம் இதுவே. படிப்படியாக உயரும் கரிம விலையே உகந்தது என்று மாதிரி பரிந்துரைக்கும்போது, இன்று சிறிது, நாளை மிகுதி என்னும் வாக்குறுதியை நாளைய ஆட்சியாளர் காப்பார் என்று கொள்கிறது. அவ்வாறு காவார் என்பதற்கான காரணத்தை விளக்கியவர் நார்ட்ஹாசே.

பகிர்வு குறித்தும் இதே குறை உண்டு. டைஸ் மாதிரி உலகை ஒரே நுகர்வோராகச் சுருக்குகிறது. ஸீலி யாங்குடன் 1996இல் வகுத்த ரைஸ் மாதிரி உலகைப் பல வட்டாரங்களாகப் பிரித்தபோதும், இன்றுள்ள வருமானப் பகிர்வு மாறாதிருக்கும்படி எடைகள் இடப்பட்டன. ஆகவே ஏழையின் இழப்பும் செல்வரின் இழப்பும் பணமதிப்பிலேயே நிறுக்கப்பட்டன.

நாடுகளுக்கிடையிலான அரசியலை அவர் புறக்கணிக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். 2015இல் அமெரிக்கப் பொருளியற் சங்கத் தலைமையுரையில் அவர் முன்வைத்த காலநிலைக் கூட்டணி என்னும் கருத்து, உறுப்பினரல்லா நாடுகளின் இறக்குமதிகள் மீது சிறு சுங்கவரி விதிப்பதன் வழி இலவசப் பயன் பெறுவதைத் தடுக்க முயன்றது. ஆனால் வரலாற்று வெளியீட்டில் பங்கு குறைந்த நாடுகளும் அதே சுங்கத்தைச் சுமக்கவேண்டுமா என்னும் நீதிக் கேள்விக்கு அதில் நேரடி விடையில்லை.

8. முடிவுரை

லின்ட் பராஜுடன் இணைந்து நார்ட்ஹாஸ் வெளியிட்ட டைஸ் 2023 வடிவம் இத்திறனாய்வுக்கு முக்கியமானது. 2016ஆம் ஆண்டு வடிவத்தில் டன்னுக்கு ஏறத்தாழ 31 டாலராக இருந்த கரிமத்தின் சமூகச் செலவு இதில் ஏறத்தாழ 66 டாலராயிற்று. உகந்த பாதையின் 2100ஆம் ஆண்டு வெப்ப உயர்வு 3.5 பாகையிலிருந்து ஏறத்தாழ 2.7 பாகைக்கு இறங்கியது. 2 விழுக்காட்டுக் கழிவு வீதத்தையும் அண்மைச் சேத ஆய்வுகளையும் கொண்டு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023இல் அறிவித்த மதிப்பு 190 டாலர். எண்பதை நெருங்கும் அகவையிலும் அதற்குப் பின்னும் தம் எண்களைத் திருத்திக்கொண்ட அறிஞரின் மனப்பாங்கு போற்றத்தக்கது. அதே வேளையில், இத்திருத்தத்தின் அளவே நம்மை எச்சரிக்கிறது. உகந்தது என ஒரு மாதிரி கூறுவது, அதன் எடுகோள்களுக்கு உகந்தது என்ற பொருளிலேயே கொள்ளப்படவேண்டும்.

தொகுத்துக் கூறின், நார்ட்ஹாஸின் காலநிலைக் கணக்கை மறுக்கத் தேவையான கருவிகள் பலவற்றை அவரே வடித்துத் தந்துள்ளார். நலமும் உற்பத்தியும் வேறு என்பதை டோபினுடன் எழுதியவர், சான்றில்லாச் சமன்பாட்டை ஃபாரஸ்டரிடம் கண்டித்தவர், ஆட்சியாளரின் குறுநோக்கை வணிகச் சுழற்சியில் விளக்கியவர் ஆகிய மூவரும் டைஸ் மாதிரியை வகுத்தவரோடு ஒரே அவையில் அமர்த்தப்படவேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் அவருடைய பாடநூலைப் பயிற்றும் ஆசிரியர்கள், 1972, 1973, 1975 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளையும் 1991, 1992 ஆகிய ஆண்டுகளின் கட்டுரைகளையும் மாணவர்முன் ஒருசேர வைத்தல் நன்று. வெப்பத்தால் வேலைநாளை இழக்கும் தொழிலாளியும் பருவம் பொய்த்த உழவரும் எந்தச் சமன்பாட்டில் எந்த எடையுடன் இடம்பெறுகின்றனர் என்று கேட்கும் பயிற்சி அவ்வாசிப்பிலிருந்தே தொடங்கும்.